முப்பத்திரண்டு பேர்

முதல்லயே சொல்லிடறேன், இது பாலே நடனத்தைப் பற்றின பதிவு. விராலிமலைப் பக்கம் பொறந்தவனுக்கும் பாலேவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறவங்க கொஞ்சம் பொறுமையா வாங்க. மலையடிவாரத்துல கொண்டுவந்து இறக்கி விட்டுடறேன் :-)

எனக்கு நடனம் தெரியாது. என் பெண் திருச்சியில் பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாள். வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வாசலில் செருப்போடு செருப்பாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதுதான் இந்தக் கலையில் எனக்கு இருக்கும் அனுபவம். அப்படி உட்கார்ந்திருந்த இன்னொரு அப்பா ஒருநாள் ஒரு டிவிடியைக் கையில் திணித்தார். 'லா பயதேர்' என்று பெயர். "தேவதாசி கதைங்க, வெள்ளைக்காரங்க ஆடறாங்க, பாருங்க" என்றார். வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினேன். அதற்கப்புறம் அதே பாலேயின் வேறு வேறு தயாரிப்புகளைத் தேடித் தேடிப் பார்க்கும் கிறுக்கு பிடித்துவிட்டது. வீட்டில் இதற்கு வாங்கிய திட்டு தனிப் பதிவாகும்.

கதை இதுதான். நிகியா ஒரு கோயில் நடனக்காரி. சோலோர் என்கிற வீரன் மேல் காதல். கோயில் தலைமைப் பிராமணருக்கு அவள் மேல் ஒரு கண். கோல்கொண்டா ராஜா தன் மகள் கம்சாத்தியை சோலோருக்குக் கட்டிவைக்க நினைக்கிறார், நம்மாளும் சரி என்று தலையாட்டி விடுகிறான். நிச்சயதார்த்தத்தில் நிகியாவையே ஆடச் சொல்கிறார்கள். யாரோ ஒரு பூக்கூடை தருகிறார்கள், உள்ளே பாம்பு. கடித்துவிடுகிறது. பிராமணர் விஷமுறிவு மருந்தை நீட்டுகிறார். சோலோர் கம்சாத்தி பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, மருந்து வேண்டாம் என்று செத்துப்போகிறாள். துக்கம் தாங்காமல் சோலோர் அபின் புகைக்கிறான், கனவில் அவளைப் பார்க்கிறான்.

1877-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மரியுஸ் பெத்திபா அமைத்தது. இசை லுத்விக் மிங்குஸ். கோல்கொண்டாவில் பத்ரிநாத் திருவிழா நடக்கும், பக்கிரிகள் நெருப்பைத் தாண்டிக் குதிப்பார்கள், பஞ்சடைத்த புலி ஒன்று ஊர்வலத்தில் வரும். தங்கச்சிலை வேறு எழுந்து ஆடும், அந்த ஆட்டத்தை 1948-ல்தான் ஒட்டுப்போட்டார்களாம். நம்ம பழைய சினிமாவில் வரும் வெளிநாட்டைவிட இது பரவாயில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் அந்தக் கனவுக் காட்சி வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். 'நிழல்களின் ராஜ்ஜியம்' என்பார்கள். இருட்டில் ஒரு சரிவுப் பாதை. உச்சியில் வெள்ளை உடையில் ஒரு பெண். ஒரு காலை ஊன்றி, மறு காலைப் பின்னால் நீட்டிச் சாய்கிறாள், நிமிர்கிறாள், சில அடி வைக்கிறாள். பின்னால் இன்னொருத்தி, அதே அசைவு. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் வந்தவள் அதே அசைவை முப்பது தடவைக்கு மேல் செய்தாக வேண்டும். நடுவில் ஒருத்திக்குக் கணுக்கால் ஆடினாலும் அரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். கதாநாயகி யார் என்பதையே மறந்துபோகிற காட்சி.

இதில்தான் தயாரிப்புக்குத் தயாரிப்பு வித்தியாசம். நத்தாலியா மகரோவா 1980-ல் அமெரிக்கன் பாலே தியேட்டருக்காக அமைத்ததில் நிழல்கள் 24 பேர். ருடால்ஃப் நூரியெவ் 1992 அக்டோபரில் பாரிஸ் ஓப்பராவில் அமைத்ததில் 32 பேர். நூரியெவுக்கு அது கடைசி வேலை. உடம்பு முடியாத நிலையில் செய்தது, 1993 ஜனவரி தொடக்கத்தில் இறந்துபோனார். 1961-ல் ரஷ்யக் குழுவோடு முதன்முதலாகப் பாரிஸ் வந்தபோது அவர் ஆடியதும் இதே நிழல் காட்சிதான். அந்தப் பயணத்தில்தான் விமான நிலையத்தில் வைத்து, இனி ஊர் திரும்ப மாட்டேன் என்று பிரெஞ்சு போலீஸ் பக்கம் போய்விட்டார். வந்தபோது ஆடியது, போகும்போது விட்டுப்போனது, இரண்டும் ஒன்று.

நிகியாக்களைப் பற்றி என் அரைகுறை அபிப்பிராயம்: மகரோவா அமைப்பை லண்டன் ராயல் பாலே ஆடிய 1991 பதிவில் அல்தினாய் அசில்முராத்தவா. முதுகும் கையும் அப்படிக் குழைகின்றன, முதல் காட்சியில் முக்காட்டை எடுக்கும் இடத்திலேயே ஆள் காலி. பாரிஸில் இசபெல் கெரான், அதிகம் காட்டிக்கொள்ளாத துக்கம், எனக்கு ரொம்பப் பிடித்தது. மிலானின் லா ஸ்காலாவில் 2006-ல் ஸ்வெத்லானா சகரோவா, காலைக் காது வரை தூக்குகிறார், நாம் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிடுகிறோம், பாம்பு கடித்ததே மறந்துபோகிறது. ஒரு விஷயத்தில் மூவரும் ஒன்று. யார் காலும் தரையை அடிக்காது. நம்மூர் ஆட்டம் அரைமண்டியில் உட்கார்ந்து பூமியைத் தட்டி எழுப்புவது. அவர்களுடையது பூமியைத் தொடவே யோசிப்பது.

பாலே ரசிகர்கள் ஓயாமல் சண்டை போடுவது கடைசி அங்கத்தைப் பற்றி. பெத்திபாவின் மூலத்தில், கல்யாண நேரத்தில் கடவுளின் கோபத்தால் கோயில் இடிந்து எல்லோர் மேலும் விழும். ரஷ்யாவில் 1941-ல் வந்த வடிவம் அதை விட்டுவிட்டு நிழல்களோடு முடித்தது. நூரியெவும் அப்படியே. மகரோவா மட்டும் இடிந்து விழும் கோயிலைத் திரும்பக் கொண்டுவந்தார். முதலில் நான் மகரோவா கட்சி. அநியாயம் செய்தவன் தலையில் நாலு கல் விழ வேண்டாமா?

அப்புறம் கட்சி மாறினேன். அதற்குக் காரணம் எங்க ஊர்.

விராலிமலை முருகன் கோயில் தெரியாதவர்களுக்கு: திருச்சி - மதுரை சாலையில் இருக்கிறது. மயில்கள், அருணகிரிநாதர், அப்புறம் சாமிக்குச் சுருட்டு நைவேத்தியம் (சோலோர் அபின் புகைத்ததற்கு ஆச்சரியப்படாதவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்). இருநூறுக்கு மேல் படிகள். இந்தக் கோயிலில் பொட்டுக் கட்டிக்கொண்டு சதிர் ஆடியவர்கள் இருந்தார்கள். அந்த வரிசையில் கடைசியாக மிஞ்சியவர் முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் பொட்டுக் கட்டப்பட்டவர். அப்பா ராமச்சந்திர நட்டுவனாரிடமே ஆட்டம் கற்றவர். தன் காலத்தில் கோயிலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

முப்பத்திரண்டு பேர்.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தற்செயல்தான், எனக்கும் தெரியும். அங்கே வெள்ளை உடுப்பில் 32 பேர் சரிவில் இறங்குகிறார்கள். இங்கே 32 பேர் தினமும் படி ஏறியிருக்கிறார்கள். அவர்கள் செத்தவளின் நிழல்கள். இவர்கள் காலையில் எழுந்து, குளித்து, ஏறி, ஆடி, பாடி, இறங்கி, சோறு வடித்தவர்கள்.

பயதேர் என்ற சொல்லே நம்ம கடற்கரையில் பிறந்ததுதான். போர்த்துக்கீசியர்கள் நடனக்காரியை 'பைலாதெய்ரா' என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது பயதேர் ஆனது. 1830-லேயே பாரிஸ் ஓப்பராவில் மரி தாக்லியோனி பயதேராக ஆடிவிட்டார். 1838-ல் அசல் ஆட்களே போய் இறங்கினார்கள். கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து பெண்கள், கூட வாத்தியக்காரர்கள். அவர்களில் அம்மணி என்பவர் பாரிஸையே கிறங்கடித்தார். அவருக்கு வெண்கலத்தில் சின்னச் சிலை செய்தார்கள். கவிஞர் தெயோஃபில் கோத்தியே பக்கம் பக்கமாக எழுதினார். அந்த கோத்தியேதான் மூன்று வருஷம் கழித்து 'ஜிசெல்' பாலேவுக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர், 1858-ல் சகுந்தலையை பாலேவாக எழுதியவரும் அவரே. அந்தச் சகுந்தலைக்கு நடனம் அமைத்தவர் லூசியன் பெத்திபா, நம்ம மரியுஸ் பெத்திபாவின் அண்ணன். ஆக, நிகியா பிறந்த வீட்டுக்குத் திருவந்திபுரத்துப் பெண்கள் ஏற்கெனவே ஒருமுறை போய்வந்திருக்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் வண்டி ஓடியிருக்கிறது. முத்துக்கண்ணம்மாள் ஆடிய உருப்படிகளில் 'நோட்டு' என்று ஒன்று உண்டு. வெள்ளைக்கார பாண்டு வாத்திய மெட்டைப் பிடித்து அதற்கு ஆடுவது. குறவஞ்சி, கும்மி, கோலாட்டம் எல்லாவற்றோடும் இதுவும் சதிர்க்காரர்களின் சொத்து. பீட்டர்ஸ்பர்க்கில் மிங்குஸின் வால்ட்ஸுக்கு இந்தியா மாதிரி ஆடிக்கொண்டிருந்தார்கள், நம்ம பக்கம் சலங்கை கட்டிக்கொண்டு பாண்டு மெட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். நிகியாவுக்கு அது தெரியாது, பாவம். இன்னொன்று, முத்துக்கண்ணம்மாள் தானே பாடிக்கொண்டு ஆடுவார். என் பெண்ணின் வகுப்பில் பாட்டுக்கு ஒருவர், நட்டுவாங்கத்துக்கு ஒருவர். ஆடுகிறவள் வாய் திறக்கக் கூடாது.

இனி கோயில் இடிந்த கதை. அதாவது, இடியாத கதை.

இந்த முறையை ஒழிக்கப் பாடுபட்டவரும் புதுக்கோட்டைதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1886-ல் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குடும்பம். அந்த ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று ஊரே முனகியபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அம்மா வழியில் எதைப் பார்த்து வளர்ந்திருப்பார் என்பதை நாம் உட்கார்ந்த இடத்தில் இருந்து எடைபோட முடியாது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொட்டுக் கட்டுவதை இன்று யார் நியாயப்படுத்துவார்கள்? நான் மாட்டேன். சட்டம் 1947-ல் சென்னை மாகாணத்தில் வந்தது. 1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை சமஸ்தானமே இந்தியாவோடு இணைந்துவிட்டது. ராஜகோபாலத் தொண்டைமான் முன்னால் ஆடியவர் முத்துக்கண்ணம்மாள். அந்த அரண்மனையும் போனது, கோயில் வேலையும் போனது. கலையோடு சேர்த்துப் பிழைப்பும் நின்றது.

அதற்குள் ஆட்டம் மேடை மாறிவிட்டது. அன்னா பாவ்லோவா, 1902-ல் பீட்டர்ஸ்பர்க்கில் நிகியாவாக ஆடியவர். அவரிடம் பாலே ஆசையோடு பழகிய ருக்மிணி தேவியிடம், உங்கள் நாட்டு நடனத்தைப் பாருங்கள் என்று சொன்னது அவர்தான் என்பார்கள். ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935 டிசம்பரில் அடையாறில் ஆடினார். அங்கிருந்துதான் என் பெண்ணின் வகுப்பு வரைக்கும் வந்திருக்கிறது. பொய்த் தேவதாசியாக ஆடிய ஒரு ரஷ்யப் பெண் சொல்லி, நிஜத் தேவதாசிகளின் ஆட்டம் இன்னொரு வீட்டுக்குப் போனது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த வீடு இல்லாவிட்டால் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்காது. வாசலில் செருப்புக் காவல் காக்கிறவனுக்கு வாய் நீளக் கூடாது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நிகியா செத்துப்போனதால்தான் அவளை 32 வெள்ளை உடுப்பாகப் பெருக்கி அழுகிறார்கள். முத்துக்கண்ணம்மாள் சாகவில்லை. மலை இறங்கினார், அதே ஊரில் அதே தெருவில் ஐம்பது, அறுபது, எழுபது வருஷம் வாழ்ந்தார். அதற்கு எந்த பாலேயிலும் அங்கம் கிடையாது. கோயில் அப்படியே இருக்கிறது, ஒரு கல்கூட யார் தலையிலும் விழவில்லை. அதனால்தான் நூரியெவ் கட்சிக்கு வந்தேன்.

சொல்லலாமா வேண்டாமா என்று ரெண்டு நாளாக யோசித்தது இது. எட்டாம் வகுப்பில் என்னோடு ஒருத்தன் படித்தான். அவன் பாட்டி கோயிலில் ஆடியவர். சண்டை வந்தால் பசங்க அவனை ஒரே ஒரு சொல்லால்தான் திட்டுவார்கள். என்ன சொல் என்று எழுத வேண்டியதில்லை, 'தேவரடியார்' என்ற சொல்லை நாம் என்னவாக ஆக்கினோம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்கிற சண்டையில் அதை நானும் சொன்னேன். அவன் அடிக்கவில்லை. மட்டையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் பேசினோம், ஒன்றாகத்தான் பத்தாவது எழுதினோம். அந்தச் சொல்லைப் பற்றி மட்டும் ரெண்டு பேரும் பேசியதில்லை.

2022 ஜனவரியில் முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அப்போது அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. மறுநாள் காலையில் பேப்பரைப் பார்த்ததும் அவனுக்குப் போன் போட்டேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்றுதான் எடுத்தேன். "பேப்பர் பாத்தியாடா?" என்று மட்டும்தான் வந்தது.

"பாத்தேன். அம்மா வெட்டி எடுத்து சாமி அலமாரில வச்சிருக்கு" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "உம் பொண்ணு டான்ஸ் கத்துக்குதாமே, ஒருநா கூட்டிட்டு வாடா" என்றான்.

போனோம். அவன் அம்மா காபி கொடுத்துவிட்டு, என் பெண்ணை எழுந்து நிற்கச் சொல்லி, அரைமண்டி போடச் சொல்லி, இன்னும் உட்காரு, இன்னும் உட்காரு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.