சித்தி கடை கம்ப்யூட்டரும் லினக்ஸின் இரண்டு பயங்களும்

இன்னைக்கு எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கிறேன்.

என் சித்தி மதுரையில் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காங்க. கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் திணறுதுன்னு சொன்னாங்க. போன தீபாவளி லீவுல அதுல உபுண்டு போட்டுக் கொடுத்தேன். "காசு கிடையாது, ஸ்பீடா இருக்கும், ஜமாய்ங்க சித்தி"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். ஒரு வாரத்துல போன். "பிரிண்ட் வரலப்பா." நான் மீட்டிங்ல இருந்தேன். "டெர்மினலைத் திறங்க, ஒரு கமாண்ட் அனுப்புறேன்"னு சொல்லி வெச்சுட்டேன். அப்புறம் போனே வரலை. சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்.

பொங்கலுக்குப் போனா, கம்ப்யூட்டர் மேல துணி போட்டு மூடியிருக்கு. "எதையாவது அழுத்திக் கெடுத்துட்டா என்ன பண்றது? உன்னைத் திரும்பத் திரும்பக் கேக்கவும் கூச்சமா இருந்துச்சு"ன்னாங்க.

கெட்டுப்போயிடுமோங்கிற பயம் ஒன்று. கேட்டால் என்ன நினைப்பாங்களோங்கிற பயம் இன்னொன்று. ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் சாதாரண மக்களிடம் வந்து சேர்ந்த வரலாற்றைப் பார்த்தால், அதில் பெரும்பகுதி இந்த இரண்டு பயங்களைக் குறைத்த வரலாறுதான்.

1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-ல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். எழுதியவர்களும் புரோகிராமர்கள், பயன்படுத்தியவர்களும் பெரும்பாலும் புரோகிராமர்கள். அதனால் "இது கஷ்டமா இருக்கே"ன்னு சொல்ல அங்கே ஆள் குறைவு.

1996-ல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிக் என்ற மாணவர் அதைச் சொன்னார். ஒவ்வொரு அப்ளிகேஷனும் ஒவ்வொரு மாதிரி இருக்கு, ஒவ்வொரு மாதிரி நடந்துக்குது, சாதாரணப் பயனர் என்ன செய்வார் என்பது அவர் கேள்வி. அதிலிருந்து பிறந்ததுதான் கேடிஇ. அடுத்த வருஷமே போட்டியாக க்னோம் தொடங்கியது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் 2001. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் க்னோமுக்காக ஒரு சோதனை நடத்தியது. அதுவரை க்னோமைப் பயன்படுத்தாதவர்களை உட்காரவைத்து, சில அன்றாட வேலைகளைக் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்தார்கள். கேட்க ரொம்பச் சாதாரணமா இருக்குல்ல? ஆனால் எழுதியவர்களுக்குக் கண்ணுக்கே தெரியாத பள்ளங்கள் புதியவர் நடக்கும்போதுதான் தெரிந்தன. 2002-ல் வந்த க்னோம் 2, தேவையில்லாத செட்டிங்குகளை நிறையக் குறைத்தது.

பழைய ஆட்களுக்குக் கோபம் வந்தது. 2005-ல் டோர்வால்ட்ஸே, பயனர்களை முட்டாள்களாக நினைக்கும் மனப்போக்கு இது, கேடிஇக்கு மாறுங்கள் என்கிற அர்த்தத்தில் வெளிப்படையாக எழுதினார். அவர் சொன்னதில் பாதி எனக்குச் சரின்னு படுது. எளிமையாக்குறது வேற, எதிரில் இருப்பவருக்கு அறிவு கம்மின்னு நினைக்குறது வேற. இந்தக் கோட்டைத் தாண்டாம இருக்குறதுதான் கஷ்டம்.

முதல் பயத்தை உடைத்தது ஒரு சிடி. 2000-ல் கிளாஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர் நாப்பிக்ஸை வெளியிட்டார். சிடியைப் போட்டு கம்ப்யூட்டரை ஆன் செய்தால் லினக்ஸ் ஓடும், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. சிடியை எடுத்துட்டா பழையபடி விண்டோஸ். எதுவும் கெடாதுங்கிற நம்பிக்கையை நூறு பக்க மேனுவலால் கொடுக்க முடியாது. அந்தச் சிடி கொடுத்தது.

2004 அக்டோபரில் உபுண்டு வந்தது. தென்னாப்பிரிக்காவின் மார்க் ஷட்டில்வொர்த், தன் கம்பெனியை விற்ற பணத்தில் விண்வெளிக்கே போய் வந்தவர், தொடங்கியது. உபுண்டு என்பது சக மனிதர்மேல் காட்டும் மனிதநேயத்தைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல். கேட்டவர்களுக்கு உலகம் முழுக்க இலவசமாக, தபால் செலவு இல்லாமல் சிடி அனுப்பினார்கள். பிராட்பேண்ட் அபூர்வமாக இருந்த காலம் அது. 2009-ல் நான் ஸ்கூல் படிக்கும்போது எங்க பெரியப்பா பையனுக்கு அப்படி ஒரு கவர் வந்துச்சு, தெருவே வேடிக்கை பார்த்துச்சு. 2006-ல் இன்னொரு முக்கியமான வேலையும் நடந்தது. முதலில் ஓட்டிப் பார்க்கலாம், பிடிச்சா அதே சிடியிலிருந்து இன்ஸ்டால் பண்ணலாம் என்று ஆனது.

இரண்டாவது பயத்துக்கு உபுண்டு எழுதிவைத்தது ஒரு நடத்தை விதித் தொகுப்பு. ஒருவரையொருவர் மதிக்க வேண்டும், அக்கறையோடு பேச வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே விதியாக்கினார்கள். கேள்வி கேட்டவரிடம் "முதல்ல மேனுவலைப் படிச்சிட்டு வா"ன்னு விரட்டுறது சகஜமா இருந்த உலகத்தில் இது சின்ன விஷயம் இல்லை. நானும் காலேஜ் முதல் வருஷத்தில் ஒரு இடத்தில் அப்படித் திட்டு வாங்கியிருக்கேன். ஆறு மாசம் யார்கிட்டயும் எதுவும் கேக்கலை.

அதே ஆள்தான் சித்திகிட்ட டெர்மினலைத் திறங்கன்னு சொல்லியிருக்கேன். வார்த்தை மரியாதையா இருந்துச்சு. சித்திக்குக் கேட்டது அதே பழைய விரட்டல்தான்.

பொங்கலன்னைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு சித்தி பின்னாடி உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கிட்டேன். "நீங்க வழக்கமா செய்யறதைச் செய்யுங்க"ன்னேன். தமிழ்99-ல் அவங்க டைப் அடிச்ச வேகம் எனக்கு இங்கிலீஷ்லகூட வராது. பிரிண்ட் கொடுக்கும்போது நின்னுட்டாங்க. ஒரே பிரிண்டர் பட்டியலில் ரெண்டு தடவை இருந்துச்சு. மேலே இருந்தது வேலை செய்யாதது. கமாண்டே தேவைப்படலை. அதை நீக்க எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆச்சு, பார்க்க ரெண்டு மாசம்.

உங்க வீட்டுலயும் யாருக்காவது லினக்ஸோ லிப்ரே ஆபீஸோ போட்டுக் கொடுத்திருந்தா, இந்த வாரம் ஒரு பதினைஞ்சு நிமிஷம் பக்கத்துல உட்காருங்க. மவுஸைப் பிடுங்காதீங்க. எங்கே நிக்கறாங்கன்னு மட்டும் பாருங்க. பார்த்ததை எனக்கும் சொல்லுங்க.

சித்தி, இதைக் கேட்டுட்டு இருந்தா, எத்தனை தடவை வேணும்னாலும் போன் பண்ணுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம், மக்களே.