ஃபெர்ரோகாந்த ஒத்ததிர்வில் பிறக்கும் வெப்பம்

நிலையான காந்தப்புலத்தில் வைத்த இரும்பு, நிக்கல், ஃபெரைட் போன்ற பொருள்கள் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வரும் நுண்ணலையை மிகுதியாக உறிஞ்சுவதே ஃபெர்ரோகாந்த ஒத்ததிர்வு. உறிஞ்சிய ஆற்றல் முடிவில் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தைப் பக்கவிளைவாக ஒதுக்குவது சரியல்ல. இந்த நிகழ்வு உலகுக்குத் தெரியவந்ததே ஆற்றல் இழப்பின் வழியாகத்தான்.

1911-13இல் மாஸ்கோவில் அர்காதியேவ் இதன் முதல் தடயத்தைக் கண்டார். தெளிவான சான்று 1946இல் ஆக்ஸ்ஃபோர்டில் கிடைத்தது. கிரிஃபித்ஸ் நுண்ணலைக் குழி ஒன்றில் இரும்பு, கோபால்ட், நிக்கல் படலங்களை வைத்துக் காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் இழப்பு உச்சத்தைத் தொட்டது. ஆனால் எலெக்ட்ரானின் தற்சுழற்சிக் கணக்கு சொன்ன இடம் அதுவல்ல. அடுத்த ஆண்டே சார்லஸ் கிட்டெல் காரணம் சொன்னார்: மெல்லிய படலத்தின் வடிவமே தன்னுள் ஓர் எதிர்ப்புலத்தை உண்டாக்கி, ஒத்ததிர்வை இடம் மாற்றுகிறது.

தலையாட்டிச் சுற்றும் பம்பரம்போல, காந்தமாக்கம் புலத்தின் திசையைச் சுற்றி வருகிறது. நுண்ணலை அதைத் தாளம் தவறாமல் தள்ள, தடையுறல் அந்த ஆற்றலைப் பறிக்கிறது. 1935இல் லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும் இத்தடையைச் சமன்பாட்டில் சேர்த்தார்கள்; 1955இல் கில்பர்ட் அதைத் திருத்தி எழுதினார். பறிபோகும் ஆற்றல் தற்சுழற்சி அலைகளாகச் சிதறி, அணிக்கோவையின் அதிர்வில் சேர்கிறது. உலோகமானால் சுழல் மின்னோட்டமும் சூடாக்கும்.

தடை குறைந்தால் சூடும் குறையும் என்றே தோன்றும். ஒத்ததிர்வுப் புள்ளியில் நடப்பது நேர்மாறு: உச்சம் குறுகி, உயர்ந்து, உறிஞ்சல் கூடுகிறது. பெர்மலாயின் தடையெண் ஏறத்தாழ 0.01, இட்ரியம் இரும்பு கார்னெட்டுக்கு அதைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. அலையின் திறனை ஏற்றிக்கொண்டே போனாலும் உறிஞ்சல் அதே வீதத்தில் உயர்வதில்லை. 1952இல் ப்ளூம்பெர்கனும் டேமனும் இதை அளந்தார்கள். தற்சுழற்சி அலைகள் நிலையிழந்து பெருகுவதே காரணம் என 1957இல் சூல் விளக்கினார்.

ஒத்ததிர்வு வகை ஐசொலேட்டர் என்னும் நுண்ணலைக் கருவி, திரும்பி வரும் அலையை வேண்டுமென்றே வெப்பமாக்கி அழிக்கிறது. ரேடாரின் ஃபெரைட் கட்டமாற்றியோ ஒத்ததிர்விலிருந்து விலகியே வேலை செய்ய வேண்டும். சூடேறினால் காந்தமாக்கம் குறைந்து அலையின் கட்டம் நழுவும். இந்தியாவின் ராஜேந்திரா ரேடாருக்காக டெல்லி ஐஐடியில் பாரதி பட் குழுவினர் உருவாக்கிய கட்டமாற்றிகள் இந்தத் துறையின் பெருமைக்குரிய சாதனை.

மருத்துவம் இந்தச் சூட்டையே நாடுகிறது. 1957இல் கில்கிறிஸ்ட், நிணநீர்க் கணுக்களில் காந்தத் துகள்களைச் செலுத்திச் சூடாக்கிப் பார்த்தார். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் காந்தப் பாய்மங்கள் சூடேறுவதை அகச்சிவப்புக் கேமராவால் அளந்திருக்கிறார்கள். ஆனால் இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் கிலோஹெர்ட்ஸ் அளவில் நடப்பவை. அங்கே வெப்பம் தருவது துகள்களின் தளர்வு, ஒத்ததிர்வு அல்ல. நூல்கள் சில இரண்டையும் குழப்பிவிடுகின்றன. ஒத்ததிர்வையே உடலுக்குள் பயன்படுத்தலாமா என்று சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தார் ஆராய்கிறார்கள். அதிர்வெண் ஏற ஏற உடலின் திசுவும் தானாகவே சூடாகும். ஆகவே புலத்தைத் தாழ்த்தி, ஒத்ததிர்வைக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது.