மக்டபேர்க்கிலிருந்து காங்கேசன்துறைக்கு: வெற்றிட மலகூடம் வந்த வழி

2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து வந்த ‘எம்பிரஸ்’ உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைத் துறைமுகத்தை அடைந்தது. இத்தகைய கப்பல்களில் இன்று வெற்றிட மலகூடமே வழமை. பொத்தானை அழுத்தினால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீரோடு எல்லாம் மறைந்துவிடும். அதே காங்கேசன்துறையில் ஒரு வீட்டு மலக்குழி நிரம்பினால் பிரதேச சபையின் கலிபவுசர் வரும். தடித்த குழாயைக் குழிக்குள் இறக்கி, உறிஞ்சிக்கொண்டு போகும். ஒன்று கடற்பயணியின் சொகுசு, மற்றது ஊரின் அன்றாடத் தேவை. ஆனாலும் இரண்டுக்கும் பூட்டன் ஒருவனே: காற்றை வெளியேற்றிய ஒரு பாத்திரம்.

அந்தப் பூட்டன் பிறந்தது ஜேர்மனியில். மக்டபேர்க் நகரின் மேயர் ஓட்டோ ஃபொன் கெரிக்கே, 1650ஐ ஒட்டிய ஆண்டுகளில் காற்றை வெளியேற்றும் பம்பி ஒன்றை உருவாக்கினார். 1657 இல் இரண்டு செப்பு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை எடுத்துவிட்டு, பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுக்கவிட்டார். குதிரைகள் திணறிப்போயின. அடுத்த ஆண்டு, 1658 இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்கள். அன்று இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் காரணம் இருந்திராது. ஆனால் கெரிக்கேயின் வெற்றிடத்தை நகரத்து மலகூடங்களோடு பெரிய அளவில் இணைத்தவர் ஓர் ஒல்லாந்தர்தான். அதற்கு மேலும் இருநூறு ஆண்டுகள் போக வேண்டியிருந்தது.

வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை, வெளிக்காற்றுத்தான் தள்ளுகிறது. இளநீரில் குழலை வைத்து உறிஞ்சும்போது நடப்பதும் இதுவே: வாய்க்குள் அழுத்தம் குறைய, வெளியிலுள்ள காற்று இளநீரை மேலே ஏற்றிவிடுகிறது. இந்தத் தள்ளலுக்குப் பள்ளம் தேவையில்லை. மொகெஞ்சதாரோவின் செங்கல் வடிகால்கள் முதல் இலண்டனின் பெரும் சுரங்கக் கால்வாய்கள் வரை, கழிவு ஓடியதெல்லாம் சரிவை நம்பித்தான். சரிவே இல்லாத ஊர் என்ன செய்வது? இந்தக் கதை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நகர்கிறது.

காற்றுக் குழாய்க்கு முதலில் கிடைத்த வேலை மிகவும் கௌரவமானது. 1853 இல் இலண்டன் பங்குச் சந்தையையும் தந்தி அலுவலகத்தையும் ஜொசையா லற்றிமர் கிளார்க் ஒரு குழாயால் இணைத்தார். செய்திகள் சிறு உருளைகளுக்குள் இருந்தபடி காற்றழுத்தத்தால் பறந்தன. 1866 இல் பாரிஸும் தந்திச் செய்திகளைக் குழாய்வழி அனுப்பத் தொடங்கியது. செய்தியைக் கொண்டுபோகும் காற்று கழிவையும் கொண்டுபோகும் என்று துணிந்தவர் சார்ள்ஸ் லியர்னூர். 1828 இல் பிறந்த இந்த ஒல்லாந்தப் பொறியியலாளர், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென்மாநிலப் படையில் பணியாற்றிவிட்டு ஐரோப்பா திரும்பியவர்.

1866 இல் நெதர்லாந்தைக் கொலரா வாட்டியது. அம்ஸ்ரர்டாம் தட்டையான நகரம். சில அடி தோண்டினாலே தண்ணீர். கழிவு கால்வாய்களில் தேங்கி நாறியது, அல்லது வாளிகளில் சேர்ந்து வண்டியேறியது. அந்த வண்டிகளுக்கு மக்கள் வைத்த பெயர் ‘போல்டூட்’. அது அந்நகரில் பெயர்பெற்ற வாசனைத் திரவியக் கம்பனி ஒன்றின் பெயர். லியர்னூர் வீடுகளிலிருந்து இரும்புக் குழாய்களை வீதிக்கடியிலுள்ள தாங்கிகளுக்குக் கொண்டுவந்தார். நீராவி எந்திரம் தாங்கியின் காற்றை அகற்றும். பணியாளர் வால்வைத் திறப்பார். வீதி முழுவதன் கழிவும் ஒரேயடியாக வந்து சேரும். 1870களில் அம்ஸ்ரர்டாம், லைடன், டோர்ட்ரெக்ட் ஆகிய நகரங்களின் சில பகுதிகளில் இது இயங்கியது. சேர்ந்ததை எருவாக விற்று, செலவை ஈடுகட்டுவதே திட்டம்.

அந்தக் கணக்கைத் தண்ணீர் கலைத்துவிட்டது. ஊற்றிக் கழுவும் மலகூடங்கள் பரவப் பரவ, தாங்கிக்கு வந்த கழிவு நீர்த்துப்போய் எருவுக்கு உதவாமற் போனது. சந்தையில் குவானோ என்ற பறவை எச்ச எருவும் இரசாயன உரமும் மலிந்தன. 1892 இல் பாரிஸுக்கு அருகே லெவல்லுவா-பெரேயில் அட்ரியன் லெ மார்க்கான் இதேபோன்ற காற்றழுத்த முறையொன்றை அமைத்தார். ஆனால் இருபதாம் நூற்றாண்டு சரிவுக் குழாய்களின் பக்கமே சாய்ந்தது. லியர்னூரின் முறை அம்ஸ்ரர்டாமிலும் மெல்ல மறைந்தது.

வெற்றிடம் மட்டும் மறையவில்லை, சக்கரம் பூட்டிக்கொண்டது. 1870களில் அமெரிக்க நகரங்களில் ‘மணமற்ற’ துப்புரவு வண்டிகள் என்ற விளம்பரத்தோடு ஒரு தொழில் கிளம்பியது. கைப்பம்பியால் பீப்பாயில் வெற்றிடத்தை உண்டாக்கிக் குழியை உறிஞ்சுவார்கள். வெளிவரும் காற்றைக் கரியடுப்பில் எரித்து நாற்றத்தைக் குறைப்பார்கள். பின்னர் மோட்டார் வந்தது, பீப்பாய் லொறியேறியது. நம் ஊர்க் கலிபவுசர் இந்தப் பரம்பரையில் வந்ததுதான். இது சின்ன மாற்றமல்ல. யாழ்ப்பாண நகரிலும் வாளி மலகூடங்கள் நெடுங்காலம் இருந்தன. அந்த வாளிகளைச் சுமந்தவர்களைச் சமூகம் சாதியின் பெயரால் ஒதுக்கியே வைத்திருந்தது. ஒரு மனிதனின் கையையும் தலையையும் அந்தச் சுமையிலிருந்து விடுவித்ததே வெற்றிடம் செய்த மிகப் பெரிய நன்மை என்பேன்.

குழாய்வழி வெற்றிடத்துக்கு மறுபிறப்புக் கொடுத்தவர் சுவீடனின் யோயல் லில்ஜெண்டால். 1950களில் அவர் லியர்னூரின் கணக்கைத் தலைகீழாக்கினார். கழிவை விற்பதை விடுத்து, தண்ணீரைச் சேமிப்பதை நோக்கமாக்கினார். மலகூடக் கழிவு தனிக் குழாயில் காற்றோடு போகும். குளியல், சமையல் நீர் வேறு வழியில் போகும். 1960களின் இறுதியில் இந்த முறையை வாங்கியது எலக்ட்ரோலக்ஸ். வீட்டுத் தரையின் தூசியை உறிஞ்சும் இயந்திரங்களால் உலகெங்கும் அறியப்பட்ட அதே நிறுவனம்தான்! வெற்றிட வியாபாரம் அதற்குப் பழகிய வியாபாரம்.

தொடக்ககால வாடிக்கையாளர்களில் ஒன்று பஹாமாஸ். சுண்ணாம்புக்கல், தட்டை நிலம், அரிதான நன்னீர். அந்த விவரணத்தைப் படிக்கும் யாழ்ப்பாணத்தவருக்குத் தன் ஊரின் ஞாபகம் வராமலிராது. 1970களில் அமெரிக்காவின் இந்தியானாவில் இன்னொரு படி முன்னேறினார்கள். வீட்டுக்குள் சாதாரண மலகூடமே இருக்கும். முற்றத்துச் சிறு குழியில் ஏறக்குறைய 38 லீற்றர் சேர்ந்ததும், வெறும் அழுத்த வேறுபாட்டால், மின்சாரமின்றி வால்வு தானாகத் திறக்கும். லியர்னூரின் வால்வுப் பணியாளருக்கு நூறு ஆண்டு கழித்து ஓய்வு கிடைத்தது.

கப்பல்காரர்களுக்கு வேறு கவலை. சுமக்கும் ஒவ்வொரு லீற்றர் தண்ணீரும் எடை. குழாய்கள் தளங்களுக்கிடையே ஏறியும் இறங்கியும் வளைந்தும் போக வேண்டும். மெல்லிய வெற்றிடக் குழாய் இரண்டுக்கும் தீர்வானது. விமானங்களில் அதுவரை நீலநிற இரசாயனத் திரவத்தையே திரும்பத் திரும்பச் சுழற்றிக் கழுவினார்கள். ஜேம்ஸ் கெம்பர் 1975 இல் வெற்றிட மலகூடத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1982 இல் போயிங் அதை விமானத்தில் பொருத்தியது. வானத்தில் ஒரு வசதி உண்டு: ஏறக்குறைய 16,000 அடிக்கு மேல் பம்பியே தேவையில்லை, உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடே போதும்.

பாக்கு நீரிணையின் அக்கரையில் இந்தப் பயணம் தண்டவாளம் ஏறியது. 2016 ஜூலையில் மானாமதுரை–ராமேஸ்வரம் இடையிலான 114 கிலோமீற்றர் பாதை, தண்டவாளத்தில் கழிவு விழாத இந்தியாவின் முதல் பசுமைப் பாதையானது. அங்கே உதவியது பெட்டிக்கடியிலுள்ள தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பக்ரீரியா. சென்னை பெரம்பூரின் ரெயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவாகி 2019 இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரெயில், அந்தத் தொட்டியோடு வெற்றிடத்தையும் சேர்த்துக்கொண்டது. இக்கரையிலோ, காங்கேசன்துறைக்கு 1956 முதல் வந்த யாழ்தேவி ரெயில், போரால் 1990 இல் நின்று, 2015 ஜனவரியில் மறுபடி இங்கு வந்து சேர்ந்தது. ஆனால் இலங்கையின் பல ரெயில் பெட்டிகளில் கழிவு இன்னமும் தண்டவாளத்தில்தான் விழுகிறது.

இதற்கிடையில் துபாயின் பாம் ஜுமைரா செயற்கைத் தீவு வெற்றிடக் கழிவுநீர்க் குழாய்களை அமைத்துக்கொண்டது. மாலைதீவின் சில தீவுகளும் அமைத்துக்கொண்டன. 2022 இல் ஆக்ராவில் தாஜ்மகாலுக்கு அருகே 240 வீடுகள் இம்முறையில் இணைக்கப்பட்ட செய்தி வந்தது. தொழில்நுட்பம் கொண்டுவந்தது ஒரு நெதர்லாந்து நிறுவனம். லியர்னூரின் நாட்டவர் கைவிடவில்லை.

இனி நம் நிலத்தைப் பார்ப்போம். காங்கேசன்துறையின் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1950 இல் இங்கே சீமெந்து ஆலை எழுந்தது. அந்தக் கல் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்தது. மழைநீர் அதனூடே நிலத்துக்கடியில் பயணம் செய்யும். கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணி அதற்குச் சாட்சி. மழைநீர் போகும் வழியில் மலக்குழியின் கசிவும் போகும். குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குறிக்கும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல பதிற்றாண்டுகளாகக் காட்டிவருகின்றன. தோட்டத்துக்கு இடும் உரமும் மலக்குழிகளும் இதில் பங்காளிகள்.

சரிவுக் குழாய் இங்கே எளிதல்ல. 200 மீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவு என்று வைத்தாலும், ஒரு கிலோமீற்றர் போவதற்குள் ஐந்து மீற்றர் ஆழம் கல்லை உடைக்க வேண்டும். வெற்றிடக் குழாய்க்கு ஒன்று, ஒன்றரை மீற்றர் ஆழம் போதும். தண்ணீர்க் கணக்கும் உண்டு. தாளையடியில் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரும் கொள்ளளவுடையது. அத்தனை மின்சாரம் செலவழித்து உப்பு நீக்கிய தண்ணீரை, ஒரு தடவைக்கு ஆறு முதல் ஒன்பது லீற்றராக மலகூடத்தில் ஊற்றுவது நியாயமாகுமா?

குறைகளும் உண்டு. வெற்றிட நிலையத்துக்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும். 2022 இன் மின்வெட்டுகளை நாம் மறக்கவில்லை. ஒரு நிலையம் சில கிலோமீற்றர் சுற்றுக்குத்தான் உதவும். வால்வுகளைப் பார்க்கப் பயிற்சி பெற்றவர்களும் உதிரிப்பாகங்களும் உள்ளூரிலேயே இருக்க வேண்டும். தனித்தனியே பெரிய வளவுகளுள்ள கிராமத்துக்கு, கசியாத நல்ல மலக்குழியும் ஒழுங்காக வரும் கலிபவுசரும், அது கொண்டுபோவதைச் சுத்திகரிக்க ஒரு நிலையமுமே பொருத்தம்.

ஆனால் துறைமுகம், விடுதிகள், நெருக்கமான கரையோர வீடுகள் என்று வளரும் காங்கேசன்துறைக்கு, சரிவுக் குழாய் ஒன்றுதான் வழி என்று முடிவுகட்டுவது தவறு. அடுத்த கழிவுநீர்த் திட்டத்தை வரைபவர்கள் வெற்றிட முறையையும் செலவோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டை மக்கள் கேட்டு வாங்க வேண்டும். தட்டையான, தண்ணீருக்கு ஏங்கும், கிணற்றை நம்பி வாழும் ஊர்களுக்கு அந்த ஒப்பீடு அவசியம்.