தறிக்குழியும் சங்கன் ஸ்லாப்பும்

வீட்டைப் புதுப்பிக்கத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் எதையெல்லாம் மாற்றலாம் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். எதைத் தொடவே கூடாது என்பதிலிருந்து தொடங்குவதுதான் சரி என்பது என் எண்ணம். காஞ்சிபுரம் செவிலிமேட்டுத் தறி வீடு ஒன்றையும் சென்னையின் அடுக்குமாடி ஃபிளாட் ஒன்றையும் அருகருகே வைத்தால் இது தெளிவாகிறது.

தறி வீட்டில் அசையாத பொருள் தறிதான். நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் கால்விட்டு மிதிகளை மிதிக்கிறார். பழைய சிமென்ட் தரைமேல் டைல்ஸ் ஒட்டித் தரை இரண்டு அங்குலம் உயர்ந்தால் உட்காரும் உயரம், மிதிக்கயிறு எல்லாமே அளவு தப்பும். ஓட்டுக்கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் போடும்போது இன்னொரு சிக்கல்: சேலையில் பூவேலை எழுப்பும் ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே உட்காருகிறது. ஓட்டு வீட்டின் முகட்டு உயரத்தில் அதற்குத் தாராளமாக இடம் இருந்தது. தட்டைக் கூரைக்கு அளவு குறிக்கும்போது தறியின் உயரத்தை யாரும் சொல்லாவிட்டால், கொத்தனார் வழக்கமான அறைக்கான உயரத்தைத்தான் கட்டுவார்.

தேதி குறிப்பதும் தறியின் கையில்தான் இருக்கிறது. ஒரு பாவில், அதாவது தறியில் ஏற்றிய நீளவாட்டு இழையில், வழக்கமாக மூன்று சேலை நெய்வார்கள். பாவு முடியும்வரை சுவரில் உளி வைக்க முடியாது. சிமென்ட் தூசு பட்டால் பட்டிழை கெடும். பாவு முடிந்ததும் இடிக்கலாம் என்றால் மாதம் ஒத்துவர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆடியில் வீட்டு வேலை தொடங்கப் பலர் விரும்புவதில்லை. வெயில் கிடைக்கும் தை, மாசியிலோ முகூர்த்தச் சேலைகளுக்கு அவசரம். வேலைக்கு ஏற்ற நாளும் நெசவுக்கு ஓய்வான நாளும் சேர்ந்து வருவது அரிது.

ஃபிளாட்டில் அசையாதவை தூண், பீம், தளம், எல்லா மாடிக்கும் பொதுவாக இறங்கும் குழாய். விற்பனைப் பத்திரத்தில் வீட்டுக்காரருக்கு வருவது நான்கு சுவருக்கு உட்பட்ட இடமும், நிலத்தில் பிரிக்கப்படாத ஒரு பங்கும். தமிழ்நாட்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம் 1994இல் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இரண்டுமே வீட்டுக்காரரைத் தனியாளாகப் பார்ப்பதில்லை. ஆனாலும் கட்டட வரைபடத்தைக் கையில் வாங்காமலே ‘இது வெறும் தடுப்புச் சுவர்தான்’ என்று மேஸ்திரியின் வாய்ச்சொல்லில் இடித்துவிடுகிறார்கள். இது என்னை உண்மையிலேயே கவலைகொள்ளச் செய்கிறது. ஒருவர் வீட்டுக் கூடம் அகலமாவதற்கு மேல்மாடிக்காரர் விலை கொடுக்க நேரலாம்.

இரண்டு வீட்டிலும் ஆபத்தான இடம் ஒன்றேதான்: தரையில் உள்ள பள்ளம். ஃபிளாட்டின் குளியலறைத் தளத்தைத் தாழ்த்திக் கட்டி, அதற்குள் குழாய்களை ஓட்டி மூடுகிறார்கள். சங்கன் ஸ்லாப் என்பது அதுதான். பழைய டைல்ஸைப் பெயர்க்கும்போது நீர்க்காப்புப் பூச்சும் கிழிந்தால் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் கசியும். புதுப் பூச்சு காய்ந்தபின், டைல்ஸ் ஒட்டுமுன், இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைத்துக் கீழ்வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அவர் கூரையைப் பார்ப்பதைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், புது வீட்டில் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரையையும் சுவர் ஓடுகளையும் பெயர்க்கவே விடுவதில்லை. இடிக்கும் சத்தத்துக்கு வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை என்று நேரமும் குறித்திருக்கிறது. அங்குள்ள தமிழர்கள் பலர் இந்த விதிகளுக்குள்தான் வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். நம் குடியிருப்போர் சங்கங்களும் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தறிக்குழியிலோ தண்ணீர் கீழிருந்து மேலே வருகிறது. செவிலிமேடு பாலாற்றங்கரை ஊர்; நல்ல மழையில் நிலத்தடி நீர் ஏறினால் குழி ஊறும், தறி நிற்கும். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டின் முகப்புக்கு கிரானைட் வைக்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் குழியின் பக்கச்சுவருக்கும் அடித்தளத்துக்கும் கொடுத்தால் அது சோறு போடும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால், அந்த வீட்டுத் தறியில் எவ்வளவு பாவு மீதி என்று கேட்டுவிட்டே உளி எடுக்க வேண்டும்.

செலவுக் கணக்கில்தான் இரண்டும் முற்றிலும் பிரிகின்றன. ஃபிளாட்டுக்காரர் வேலை நடக்கும்வரை வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்கிறார். அவருடைய சம்பளம் வழக்கம்போல் வரும். தறிக்காரருக்கு வீடு மூடினால் கூலியும் நிற்கிறது. தறியைப் பிரித்து வேறிடத்தில் பூட்டினால் அந்த இடத்துக்கும் வாடகை, திரும்பப் பூட்டவும் ஆள்கூலி. சிமென்ட், மணல், கம்பி என்று மேஸ்திரி எழுதித் தரும் தாளில் நெய்யாமல் போகும் சேலைகளின் கூலிக்கு என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்காது. முன்பணம் கொடுக்குமுன் அந்தத் தொகையை வீட்டுக்காரரே கணக்கிட்டு அதே தாளில் சேர்க்க வேண்டும். பல வீடுகளில் அதுவே பெரிய செலவாக நிற்கும்.