சதுரங்கப் பொறியும் கருவாட்டின் பெயரும்

பதுளைச் சந்தையிலே கருவாட்டுக் கடைகளுக்கு என்றும் குறைவில்லை. கடல் வெகு தொலைவில் இருந்தும், ஊவா மலைத் தோட்டங்களின் லயங்களிலே பல தலைமுறைகளாகக் கருவாட்டுக் குழம்பு கொதித்து வந்திருக்கிறது. காரணம் எளிது. உலர்ந்த மீன் எளிதில் கெடாது, நெடுந்தூரம் செல்லும், எந்த ஊரைச் சேர்கிறதோ அந்த ஊர்த் தண்ணீரில் ஊறி, அந்த ஊர் அடுப்பிலே வேகும். தேயிலைக் கொழுந்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. இன்று கிள்ளிய கொழுந்தை நெடுநேரம் வைத்திருக்க இயலாது. மலையிலேயே வாட்டி, அரைத்து, உலர்த்தியாக வேண்டும். 1924ஆம் ஆண்டு பதுளையை எட்டிய ரயில் ஏற்றிச் சென்றது கொழுந்தை அன்று, பெட்டியில் அடைத்த தூளை. அதனைப் பருகுவோர் அதில் எந்த மலையின் கொழுந்து எவ்வளவு கலந்துள்ளது என்பதை அறியார்.

கணினிக்கென எழுதப்படும் நிரல்களும் இவ்விரு வழிகளிலேயே உலகில் உலவுகின்றன. முடிந்த தூளாகவே கைக்கு வருபவை சில. உலர்ந்த மீனாக வந்து, பெறுவோரின் அடுப்பில் வேகுபவை வேறு சில. சதுரங்கம் ஆடும் நிரல்களுள் மிக வலியதொன்று இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் பெயரே ‘ஸ்டாக்ஃபிஷ்’, அதாவது உப்பின்றிக் காற்றில் உலர்த்திய கருவாடு!

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லுமுன் 1951ஆம் ஆண்டின் இறுதிக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு நவம்பரில் இங்கிலாந்திலே இரு காரியங்கள் நிகழ்ந்தன. தேநீர்க் கடைகளுக்குப் பேர்போன லையன்ஸ் நிறுவனம், ‘லியோ’ என்று தானே அமைத்துக்கொண்ட கணினியில் அடுமனைக் கணக்கைப் போட்டது. தேயிலைக் கலவையின் கணக்கும் பின்னாளில் அதே கணினிக்கு வந்தது. மலையிலே கணக்கப்பிள்ளைகள் கொழுந்தின் எடையைக் கையால் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அதே மாதம் மான்செஸ்டரில், டீட்ரிஷ் பிரின்ஸ் என்பார் ஃபெராண்டி கணினிக்குச் சதுரங்கம் கற்பித்தார். முழு ஆட்டமும் அதற்கு வராது. வெற்றிக்கு இரண்டே நகர்த்தல்கள் எஞ்சியுள்ள புதிர்களை மட்டும், ஒவ்வொரு நகர்த்தலாகச் சோதித்து விடுவிக்கும். ஒரு புதிருக்கு ஏறக்குறைய 15 நிமிடம் பிடித்தது. சதுரங்கம் பிறந்த பாரத நாட்டிலே ஒரு சிறுவன் அதனைவிட விரைவாக விடை கண்டிருப்பான் என்பது வேறு விஷயம்.

இத்தகைய நிரல்கள் அந்தந்தக் கணினிக்கே உரிய எண்களில் எழுதப்பட்டவை. கணினி கழிக்கப்பட்டதும் நிரலும் பயனற்றுப் போயிற்று. மனிதர் படிக்கத்தக்க மொழியில் எழுதி, அதனைக் கணினியின் எண்களாக மாற்றும் பணியை வேறொரு நிரலிடம் ஒப்படைக்கும் வழக்கம் பின்னர் வளர்ந்தது. மாற்றும் நிரலுக்குத் தொகுப்பான் என்று பெயர். மூலநிரல் ஒன்றே, கணினிதோறும் தொகுத்துக்கொள்ளலாம். 1987இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் தொகுப்பான் ஒன்றை யாவரும் எடுத்தாளும்படி வெளியிட்டார். அவர் வகுத்த உரிமத்தின் நிபந்தனை கவனிக்கத்தக்கது. நிரலை எவரும் மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் வாங்குவோருக்கு மூலத்தையும் அதே உரிமைகளையும் தந்தாக வேண்டும்.

நோர்வே நாட்டவரான டோர்ட் ரோம்ஸ்டாட் இவ்வுரிமத்தின்கீழ் ‘கிளாருங்’ எனும் சதுரங்க நிரலை எழுதி வெளியிட்டார். 2008இல் இத்தாலியரான மார்கோ கோஸ்டால்பா அதனை எடுத்துத் திருத்தினார். நோர்வேயில் உலர்த்தி இத்தாலியில் சமைக்கப்பட்டதால் ஸ்டாக்ஃபிஷ் என்ற பெயர் பொருத்தமாயிற்று. 2013 முதல் பல நாட்டு அன்பர்கள் தம் கணினிகளின் ஓய்வு நேரத்தை ஈந்து, ஒவ்வொரு திருத்தத்தையும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் சோதித்து வருகின்றனர். 2020இல், ஜப்பானியச் சதுரங்கத்திற்கென யூ நாசு வகுத்த நரம்புவலை முறையும் இதனுடன் சேர்ந்தது.

இத்தனை பேரின் உழைப்பு வேறொருவர் பெட்டியில் தூளாக மாறவும் கூடும். ஜெர்மானிய நிறுவனம் ஒன்று தன் பெயரிட்டு விற்ற பொறி ஸ்டாக்ஃபிஷின் மூலத்திலிருந்தே பெறப்பட்டது என்றும், வாங்கியோருக்கு அவர்தம் உரிமை முறையாக உணர்த்தப்படவில்லை என்றும் ஆக்கியோர் 2021இல் வழக்குத் தொடுத்தனர். 2022 நவம்பரில் வழக்கு சமரசமாக முடிந்தது. ஆக்கியோர் பணம் கோரவில்லை. உரிமத்தின் நிபந்தனையே காக்கப்பட வேண்டுமென்றனர். லண்டன் பெட்டியின்மேல் தன் மலையின் பெயரைக் காணாத தோட்டத் தொழிலாளிக்கு இந்த வழக்கின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

இனிச் சமையலுக்கு வருவோம். மூலத்தைப் பெற்றவர் ‘மேக்’ எனும் கட்டளையுடன் தம் கணினியின் மையச் சில்லு எவ்வகையினது என்பதையும் கூறலாம். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களையும் இந்நிரல் 64 இலக்கங்கள் கொண்ட ஒரே எண்ணாகக் குறிக்கிறது. அதில் நிரம்பிய கட்டங்கள் எத்தனை என்று ஒரே கட்டளையில் எண்ணிவிடும் திறன் சில சில்லுகளுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. நரம்புவலையின் கணக்கை விரைந்து முடிக்கும் ‘ஏவிஎக்ஸ்2’ கட்டளைகளோ பழைய சில்லுகளுக்கு விளங்கா. அவற்றுக்கெனச் சமைத்ததைப் பழைய கணினியில் இட்டால், அறியாத கட்டளை என்று கூறி அது நின்றுவிடும். வகை தெரியாதவர் ‘நேட்டிவ்’ என்று குறித்தால், கணினியே தன் சில்லைச் சோதித்து ஏற்றதைத் தேர்ந்துகொள்ளும். நரம்புவலைக் கோப்பை இறக்க ஒருமுறை இணையம் வேண்டும். இரட்டைச் சமையலும் உண்டு: முதலில் தொகுத்து, ஓடவிட்டு, எந்தப் பகுதி மிகுதியாகப் பயன்படுகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்ப மீண்டும் தொகுப்பது. நேரம் கூடும், பொறியின் வேகமும் கூடும்.

சமையல் சரியா என்று எப்படி அறிவது? ‘பெஞ்ச்’ என்ற கட்டளையை இட்டால், பொறி குறித்த சில சதுரங்க நிலைகளை ஆராய்ந்து, தான் கண்ட நிலைகளின் மொத்தத் தொகையைக் கூறும். ஆக்கியோர் அந்தந்தத் திருத்தத்துடன் ஓர் எண்ணை வெளியிட்டிருப்பர், இரண்டும் ஒத்திருக்கவேண்டும். பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தின் புதிய கணினி அதனைச் சில விநாடிகளில் சொல்லலாம். பசறைத் தோட்டத்து வீடொன்றில் கைமாறி வந்த பழைய கணினிக்கு இன்னும் வெகுநேரம் ஆகலாம். எண் அதுவேதான்.