பிராமி எண்களும் கணினியும்

மராட்டிய நாட்டில் ஜுன்னார் நகருக்கு அருகே நாணேகாட் என்னும் மலைக்கணவாய் உள்ளது. அங்குள்ள குகைச் சுவரில், சாதவாகன அரச குடும்பம் இயற்றிய வேள்விகளும் அப்போது வழங்கிய கொடைகளும் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. பசுக்கள் இத்தனை, காசுகள் இத்தனை என்ற தொகைகள் எண்குறிகளாலேயே பொறிக்கப்பட்டுள்ளன. பண்டைய எண்முறையை ஆராய்ந்த பகவான்லால் இந்திராஜி போன்ற அறிஞர்களுக்கு இக்கல்வெட்டு பெருந்துணையாயிற்று.

அம்முறையில் சுழியம் இல்லை, இடமதிப்பும் இல்லை. ஒன்று முதல் ஒன்பது வரை ஒன்பது குறிகள், பத்து முதல் தொண்ணூறு வரை பத்துகளுக்கு வேறு ஒன்பது, நூற்றுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று, ஆக இருபது குறிகள். நூற்றின் குறியை அடுத்து நான்கின் குறியைத் தனியே எழுதினால் 104. அதே நான்கை நூற்றின் குறியோடு ஒட்டி எழுதினால் 400.

தமிழ் எண்களில் இந்த இடர்ப்பாடு எழவில்லை. ௪௱ என்பது 400. ௱௪ என்பது 104. முன்னே நிற்கும் எண் பெருக்கும். பின்னே நிற்பது கூட்டும். தமிழாசிரியர் பலரும் அறிந்ததே இது. பிராமியிலோ பெருக்கும் எண்ணும் பின்னேதான் வரும்.

கல்லில் உளி ஒட்டி வைத்ததைக் கணினி எவ்வாறு அறியும்? கணினி எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய குறியீட்டு எண்ணையே வரிசையாகச் சேமிக்கிறது. ஒட்டியதும் ஒட்டாததும் அவ்வரிசையில் ஒன்றாகிவிடும். 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியில் பிராமி இடம்பெற்றபோது, மேற்சொன்ன இருபது குறிகளும், பிற்கால இடமதிப்பு முறைக்கெனச் சுழியம் உட்பட வேறு பத்து இலக்கங்களும் சேர்க்கப்பட்டன. வடிவம் ஏறத்தாழ ஒன்றேயாயினும் மூன்று என்பதற்கு இரண்டு இடம் எதற்கு என்று வியக்கலாம். கூட்டும் முறையில் வரும் மூன்று எங்கு நின்றாலும் மூன்றே. இடமதிப்பில் வரும் மூன்று முப்பதாகும், முந்நூறுமாகும். ஆகவே இரண்டும் வேறெனக் கொண்டது தக்கதே.

ஒட்டுதலைக் குறிக்க, கண்ணுக்குப் புலனாகாத இணைப்புக்குறி ஒன்று 2014இல் சேர்க்கப்பட்டது. நூறு, இணைப்புக்குறி, நான்கு என்று வரிசைப்படுத்தினால் அது 400. நாணேகாட்டில் 24,400 காசுகள் என்னும் தொகை ஒன்று வருகிறது. ஆயிரத்தோடு இருபதையும், மீண்டும் ஆயிரத்தோடு நான்கையும், நூற்றோடு நான்கையும் ஒட்டி அதை எழுதியுள்ளனர். இணைப்புக்குறி மூன்றையும் விட்டுவிட்டுக் குறிகளை மட்டும் தட்டச்சிட்டுக் கூட்டினால், அக்கொடை 2,128 காசாகச் சுருங்கிவிடும்.