ஒரு வரிக்கு உரை

மூலம்:

"இரண்டாம் மருந்து, முதல் மருந்தைவிடச் சராசரியாக 1.58 மணி நேரம் கூடுதலாகத் தூங்க வைத்தது. 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 0.70 முதல் 2.46 வரை."

வரி நான் அமைத்தது, எண்கள் பழையவை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ மனநல மருத்துவமனையில் நடந்த தூக்கமருந்துச் சோதனையை 1905இல் குஷ்னியும் பீபிள்ஸும் வெளியிட்டார்கள். டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908இல் எழுதிய கட்டுரையில் அதிலிருந்து பத்து நோயாளிகளின் அளவுகளை எடுத்தாண்டார். மருந்துகளின் பெயர்களை அவர் தவறாகக் குறித்துவிட்டதால் இங்கே முதல், இரண்டாம் என்றே சொல்கிறேன். கணக்குக்கு அதனால் கேடில்லை.

"சராசரியாக 1.58 மணி நேரம்": மருந்தில்லாத இரவுகளைவிட முதல் மருந்து 0.75 மணியும் இரண்டாவது 2.33 மணியும் தூக்கத்தைக் கூட்டின. கழித்தால் 1.58. ஆனால் இது பத்துப் பேரின் கணக்கு. நமக்கு வேண்டியதோ அத்தகைய நோயாளிகள் எல்லோரும் அடங்கிய முழுமைத் தொகுதியில் இரு சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசம். வரியின் பிற்பாதி அதைத் தேடித்தான் வருகிறது.

"0.70 முதல் 2.46 வரை": நின்று படிக்க வேண்டிய இடம். பத்துப் பேருமே இரண்டு மருந்தையும் உட்கொண்டவர்கள். எனவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கழிக்கலாம்: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. இவற்றின் திட்ட விலக்கம் 1.23, பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை 0.389. ஸ்டூடண்டின் டி அட்டவணையில், பத்தில் ஒன்று குறைத்து 9க்கு நேரே உள்ள 2.262ஆல் அதைப் பெருக்கினால் 0.88. அதை 1.58இலிருந்து கழித்தும் அதனோடு கூட்டியும் இரு எல்லைகளைப் பெறுகிறோம்.

இதே இருபது எண்களை, வெவ்வேறு பத்துப் பேர் கொண்ட இரு குழுக்களுடையவை என்று கொண்டால்? 1947இல் வெல்ச் தந்த முறைப்படி, ஒவ்வொரு குழுவின் மாறுபாட்டையும் அதன் எண்ணிக்கையால் வகுத்து, இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும். திட்டப் பிழை 0.849 ஆகிறது, இடைவெளி −0.21 முதல் 3.37 வரை விரிகிறது. சுழியம் உள்ளே வந்துவிட்டது! மருந்துகளுக்குள் வித்தியாசமே இல்லை என்பவரை இனி மறுக்க முடியாது.

தூக்கம் ஆளுக்கு ஆள் மாறுவதே காரணம். முதல் மருந்தில் ஒருவர் 1.6 மணி குறைவாகத் தூங்கினார், இன்னொருவர் 3.7 மணி கூடுதலாக. ஒரே ஆளுக்குள் கழிக்கும்போது அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. தனிக் குழுக்களாகக் கொண்டால் முழுதும் பிழைக் கணக்கில் ஏறுகிறது. எண்களைத் தொடுமுன் அவை திரட்டப்பட்ட விதத்தைக் கேட்டாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த 4.6ஐயும் கவனியுங்கள். அவர் ஒருவரை நீக்கினால் இடைவெளி 0.74 முதல் 1.75 வரை. கீழ் எல்லை ஏறக்குறைய அசையவில்லை. மேல் எல்லைதான் பெரிதும் இறங்குகிறது.

"95 விழுக்காடு": உண்மையான வித்தியாசம் இந்த இரு எண்களுக்குள் இருக்க 95 விழுக்காடு வாய்ப்பு என்று பலர் படிக்கிறார்கள். 1930களில் இக்கருத்தை வகுத்த நெய்மன் சொன்னது வேறு. உண்மையான வித்தியாசம் நிலையானது. சோதனைக்குச் சோதனை மாறுவது இடைவெளி. புதுப்புது நோயாளிகளிடம் இதையே திரும்பத் திரும்பச் செய்து இடைவெளி கண்டால், நெடுங்காலத்தில் நூற்றுக்கு 95 இடைவெளிகள் உண்மையை உள்ளடக்கும். நம் கையிலிருப்பது அந்த 95இல் ஒன்றா, மீதி ஐந்தில் ஒன்றா என்பதை இந்த எண் சொல்லாது.

"தூங்க வைத்தது": யாரை? கலமசூ நோயாளிகளை. பத்துப் பேரும் ஒரு பெருந்தொகுதியிலிருந்து குலுக்கல் முறையில் வந்தவர்கள் என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. வீட்டில் தூக்கமின்றிப் புரளும் ஒருவருக்கு 0.70 முதல் 2.46 வரை பொருந்துமா என்பதற்கு இந்த வரியில் விடையில்லை.